ஆர்டர் பாரத்தில் இல்லாத கட்டம்

எலக்ட்ரிக் கிட்டார் அளவுக்கு சுலபமாக ஸ்க்ரூடிரைவரால் பிரித்துப்போடக்கூடிய வாத்தியம் வேறு அதிகம் கிடையாது. வயலினைத் திறக்கவேண்டுமென்றால் பசையை இளக்கவேண்டும். விவரம் தெரியாதவர் கைவைத்தால் பலகை பிளந்துவிடும். ஃபெண்டர் ஸ்ட்ராடோகாஸ்டரில் பின்பக்கம் இருக்கும் நாலு ஸ்க்ரூவைக் கழற்றினால் போதும், நெக் தனி, பாடி தனி. இதை வடிவமைத்த லியோ ஃபெண்டர் கலிஃபோர்னியாவில் ஃபுல்லர்டன் என்கிற ஊரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். கிட்டார் வாசிக்கத் தெரியாது. அவர் யோசித்தது ரிப்பேர்காரர் மாதிரி: நெக் கெட்டுப்போனால் நெக்கை மட்டும் மாத்து, மொத்த வாத்தியத்தையும் ஏன் தூக்கிப்போடணும்? 1950இல் விற்பனைக்கு வந்து அடுத்த வருஷம் டெலிகாஸ்டர் என்று பெயர் மாறிய கிட்டாரும், 1954இல் வந்த ஸ்ட்ராடோகாஸ்டரும் இந்த யோசனையின் மேல் நிற்பவை.

நெக்கை மாற்றலாம் என்றால் வேறொருவர் செய்த நெக்கையும் மாட்டலாம். பாடியை வேறொருவரிடம் வாங்கலாம், பிக்கப்பை மூன்றாமவரிடம். இப்படிச் சேர்த்து மாட்டிய கிட்டாருக்கு ‘பார்ட்ஸ்காஸ்டர்’ என்று செல்லப்பெயர். இன்றைக்கு அது செல்லப்பெயர் அளவில் நிற்கவில்லை. மரம், கழுத்தின் பருமன், ஃப்ரெட்டின் உயரம், நட்டின் அகலம், நிறம் என்று ஒவ்வொன்றையும் பாரத்தில் குறித்து அனுப்பினால், சில வாரங்களிலோ மாதங்களிலோ அதன்படி வெட்டிய பாகங்கள் பெட்டியில் வந்து இறங்கும். மாட்டிக்கொள்வது நம்ம வேலை.

எப்படி மாட்டுவது என்று சொல்லித்தரும் கட்டுரை இல்லை இது. அதற்கு யூட்யூபில் ஆள் இருக்கிறார்கள். எனக்கு வேறொரு கேள்வி. இப்படி உருவாகும் கிட்டாரை ஒரு படைப்பாக எடுத்துக்கொண்டு விமரிசிக்க முடியுமா? நாவலையும் சினிமாவையும் விமரிசிக்கிறோம். கையால் செய்யப்பட்ட, அதுவும் ‘எனக்கே எனக்கென்று’ செய்யப்பட்டதாகச் சொல்லப்படும் ஒரு பொருளை நன்று, சுமார், வீண் என்று எதை வைத்துப் பிரிப்பது? பார்க்க அழகா இருக்கு என்பது பதில் ஆகாது. கஸ்டம் கிட்டார் எல்லாமே பார்க்க அழகாகத்தான் இருக்கின்றன. அதில்தான் சிக்கலே ஆரம்பம்.

கோபத்தில் பிறந்த தொழில்

கொஞ்சம் வரலாறு. 1965இல் லியோ தன் கம்பெனியை சி.பி.எஸ். நிறுவனத்துக்கு 130 லட்சம் டாலருக்கு விற்றார். அடுத்த பத்து வருஷத்தில் தரம் சரிந்தது என்பது வாசிப்பவர்களின் பரவலான புகார். 1971இல் ஸ்ட்ராடோகாஸ்டரின் நாலு ஸ்க்ரூவை மூன்றாக்கினார்கள். கழுத்து பக்கவாட்டில் நகர்கிறது என்று அதற்கும் திட்டு விழுந்தது. இதே 1970களில்தான் உதிரிபாகத் தொழில் கிளம்புகிறது. லாரி டிமார்ஸியோ 1972இல் ‘சூப்பர் டிஸ்டார்ஷன்’ என்ற மாற்று பிக்கப்பைக் கொண்டுவந்தார். சீமோர் டங்கனின் பிக்கப் கம்பெனி 1976இல் ஆரம்பம். இன்று முழுக் கிட்டார் விற்கும் ஷெக்டர், அதே 1976இல் ரிப்பேர் கடையாக, மாற்றுப் பாகம் செய்யும் இடமாகத் தொடங்கியதுதான். லின் எல்ஸ்வொர்த் என்பவரின் ‘பூகி பாடீஸ்’ பாடிகளும் நெக்குகளும் வெட்டித்தந்தது. இந்த வட்டத்தில் இருந்து வந்த கென் வார்மத்தின் பெயரில் உள்ள நிறுவனம் வாஷிங்டன் மாநிலத்தில் பியூயாலப் என்ற ஊரில் இன்றும் இந்த வேலையைச் செய்கிறது.

ஆக, உதிரிபாகம் வாங்கிக் கிட்டார் செய்வது பொழுதுபோக்காகத் தொடங்கவில்லை. பெரிய கம்பெனி ஒழுங்காகச் செய்யவில்லை, நாமே செய்துகொள்வோம் என்கிற கோபம் அதில் இருந்தது. அதாவது பார்ட்ஸ்காஸ்டர் என்பதே ஒரு விமரிசனம். எதன் மேல் விமரிசனம் என்பது அதை மாட்டியவருக்குத் தெளிவாகத் தெரியும். அந்தத் தெளிவு இன்றைய பாரத்தில் இருக்கிறதா என்று பார்ப்போம்.

பாரத்தை ஒரு நூலாக வாசித்தல்

வார்மத்தின் நெக் பட்டியலை எடுத்துக்கொள்கிறேன். இந்தத் துறையில் அதுதான் பலருக்கும் அகராதி மாதிரி. கழுத்தின் பின்பக்க வளைவுக்குப் பல தேர்வுகள். ‘ஸ்டாண்டர்ட் தின்’ என்றால் முதல் ஃப்ரெட்டில் 0.8 அங்குலம், அதாவது சுமார் 20 மி.மீ. பருமன். ‘ஃபேட்பேக்’ என்றால் நெடுக 1 அங்குலம், 25 மி.மீ. 5 மி.மீ. வித்தியாசம்தானே என்று தோன்றும். கையில் பிடித்தால் ஒன்று பேனா, மற்றது கிரிக்கெட் மட்டையின் பிடி.

இந்த அளவுகளுக்கு நடுவே சில பெயர்கள் வரும். ‘’59 ரவுண்ட்பேக்’, ‘உல்ஃப்காங்’, ‘கிளாப்டன்’. முதலாவது 1959ஆம் வருஷத்து லெஸ் பால் கிட்டாரின் நினைவு. இரண்டாவது எடி வான் ஹேலனின் கிட்டார் மாடல். மூன்றாவது யாரென்று சொல்லவேண்டியதில்லை. உனக்கே உனக்கென்று ஒரு கழுத்து செய்யத்தான் இந்தப் பாரம். அதில் நிரப்பக் கிடைக்கும் சொற்களில் பாதி அடுத்தவர் கையின் பெயர்கள். என் உள்ளங்கை எவ்வளவு அகலம், கட்டைவிரலைக் கழுத்துக்கு மேலே போட்டு வாசிப்பேனா பின்னால் வைத்து வாசிப்பேனா என்று பாரம் கேட்பதில்லை. யாரைப் போல வேண்டும் என்று கேட்கிறது.

பாடி பட்டியலும் அப்படித்தான். வேறு வடிவங்கள் உண்டு என்றாலும் கூட்டம் நிற்பது ஸ்ட்ராட், டெலி வரிசையில். இதற்குப் பின்னால் சட்டக் காரணம் ஒன்றும் உண்டு. ஸ்ட்ராடோகாஸ்டர், டெலிகாஸ்டர், ப்ரிசிஷன் பாஸ் ஆகிய மூன்றின் உடல் வடிவத்தையும் வணிகச்சின்னமாகப் பதிவு செய்ய ஃபெண்டர் கேட்டது. பல தயாரிப்பாளர்கள் சேர்ந்து எதிர்த்தார்கள். 2009இல் அமெரிக்க வணிகச்சின்ன மேல்முறையீட்டு வாரியம் முடியாது என்றது. பல பத்தாண்டுகளாக ஊரெல்லாம் அதே வடிவத்தைச் செய்துகொண்டிருக்கையில் அது இனி ஒருவருடைய அடையாளம் ஆகாது, பொது வடிவம் ஆகிவிட்டது என்பது தீர்ப்பின் சாரம். கழுத்தின் தலைப்பகுதி, அதாவது ஹெட்ஸ்டாக் வடிவம் மட்டும் இன்னும் ஃபெண்டரிடம். அதனால்தான் வார்மத் நெக்குகள் ஃபெண்டரின் உரிமம் பெற்று வருகின்றன.

எல்லோருக்கும் சொந்தமான வடிவம் என்பது நல்ல விஷயம். அது இருப்பதால்தான் ஒருவர் வெட்டிய நெக் இன்னொருவர் வெட்டிய பாடியில் உட்காருகிறது. ஆனால் விளைவைப் பாருங்கள். கூட்டிப் பெருக்கினால் லட்சக்கணக்கான சேர்க்கைகள் சாத்தியம் என்று சொல்லும் பாரம், 1954இன் வடிவத்தை விதவிதமாகச் சாயம் போட்டுத் தருகிறது. தேர்வு அதிகம், வித்தியாசம் கம்மி.

பாரத்துக்கு ஆதரவாகவும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் அநியாயம். இடக்கைக்காரர் கடைக்குப் போனால் மூலையில் கறுப்பில் ஒன்று, சிவப்பில் ஒன்று மாட்டியிருக்கும், அவ்வளவுதான். பாரத்தில் இடக்கை என்று குறித்தால் வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். சின்னக் கை உள்ளவர் 1 5/8 அங்குல, அதாவது 41 மி.மீ. நட் அகலத்தைக் கேட்டு வாங்கலாம். ஸ்ட்ராட் பாடியிலேயே கிப்ஸனின் 24 3/4 அங்குல நீளம் வேண்டுமா, அதற்கென்றே நெக் உண்டு. பிரிட்ஜ் இருந்த இடத்திலேயே இருக்கும், நட் முக்கால் அங்குலம் கிட்டே வரும், ஃப்ரெட் எல்லாம் அதற்கேற்ப நெருங்கும். தந்தியின் இழுவிசை நீளத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும் என்பதால் 25 1/2இலிருந்து 24 3/4க்கு இறங்கினால் அதே தந்தி, அதே சுருதி, இழுவிசை சுமார் 6 சதவீதம் குறைவு. விரல் வலிக்கிறவருக்கு அந்த 6 சதவீதம் சும்மா இல்லை. இதெல்லாம் பாரத்தின் உண்மையான சாதனை. உடம்பிலிருந்து வரும் தேவைகளுக்கு அது பதில் சொல்கிறது.

கண்ணுக்கு விற்பது

ஆனால் பாரத்தில் பணம் போவது எங்கே? பெரும்பாலும் மரத்தின் முகப்புக்கு. புலிவரி ஓடும் மேப்பிள், மயில்கண் மாதிரி சுழிகள், வெடிப்பும் முடிச்சுமாக ஒரு பக்வுட் துண்டு. 3, 4 மி.மீ. தடிமனுள்ள மேல்பலகை கிட்டாரின் விலையைக் கணிசமாக ஏற்றிவிடும். கூடவே இந்த மரம் பிரகாசமான தொனி, அந்த மரம் இதமான தொனி என்று குறிப்புகள் வேறு.

லெஸ் பால் சொல்லிக்கொண்டிருந்த பழைய கதை ஒன்று. 1940 வாக்கில் அவர் 4 அங்குலத்துக்கு 4 அங்குலம் பைன் கட்டையில் தந்தியும் பிக்கப்பும் மாட்டி ஒரு கருவி செய்தார். ‘லாக்’ என்று பேர். அதாவது கட்டை. மேடையில் வாசித்தபோது ஜனங்கள் கண்டுகொள்ளவில்லையாம். ஒரு எபிஃபோன் கிட்டாரை நெடுக்காக அறுத்து இரண்டு பாதியையும் கட்டையின் இருபுறமும் இறக்கை மாதிரி மாட்டிக்கொண்டு போனார். அதே கட்டை, அதே பிக்கப். இப்போது கைதட்டல். திடப்பலகை எலக்ட்ரிக் கிட்டாரின் பிறப்புக்கதைகளில் ஒன்றிலேயே இப்படிக் கண்ணுக்காக ஒட்டவைத்த பாகம் இருக்கிறது. ஜனங்கள் கண்ணால் கேட்டார்கள் என்பார் அவர்.

இந்தச் சந்தேகத்தைச் சமீபத்தில் கடைசிவரை துரத்தியவர் ஜிம் லில் என்கிற நாஷ்வில் கிட்டார்காரர். மரம், பாடி என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பதிவு செய்து ஒப்பிட்டுக்கொண்டே போய், கடைசியில் பாடியையே விட்டுவிட்டார். இரண்டு வேலைமேஜைகளுக்கு நடுவே காற்றில் தந்திகளை இழுத்துக் கட்டி, அடியில் பிக்கப்பை அதே உயரத்தில், அதே இடத்தில் வைத்து வாசித்தார். நல்ல கிட்டாரின் ஒலிக்கும் அதற்கும் வித்தியாசம் சொல்வது கஷ்டமாக இருந்தது. ஆய்வுக்கூடத்துக் கறார் இதில் இல்லை என்று மறுப்பவர்கள் உண்டு, மரத்துக்குத் துளிகூடப் பங்கில்லை என்று நானும் சொல்லவரவில்லை. ஆனால் பிக்கப் என்பது காந்தமும் கம்பிச்சுருளும். அதன்மேல் ஆடும் இரும்புத் தந்தியைத்தான் அது ‘கேட்கிறது’. தந்தியின் ஆட்டத்தை மாற்றும் அளவுக்குத்தான் மரம் ஒலியில் நுழையமுடியும்.

ஒலியில் நிச்சயமாக நுழையும் ஒரு பாகத்தைச் சொல்கிறேன். வால்யூம் பொட்டென்ஷியோமீட்டர், பேச்சுவழக்கில் ‘பாட்’. ஸ்ட்ராட் வகை சிங்கிள் காயில் பிக்கப்புக்கு 250 கிலோ ஓம், ஹம்பக்கருக்கு 500 கிலோ ஓம் என்பது வழக்கம். தலைமுடி அளவுகூட இல்லாத செம்புக் கம்பியைச் சுமார் 8000 சுற்று சுற்றியதுதான் ஸ்ட்ராட் பிக்கப். அந்தச் சுருளுக்கும் கேபிளின் மின்தேக்குத்திறனுக்கும் நடுவே ஓர் ஒத்ததிர்வு முகடு எழும். பல கிட்டார்களில் அது சில ஆயிரம் ஹெர்ட்ஸில் உட்காரும். நம் காது கூர்மையாகக் கேட்கும் பகுதி அது. பாட் அந்த முகட்டை அமுக்குகிறது. 250க்குப் பதில் 500 போட்டால் முகடு எழும்பி ஒலி பளிச்சென்றாகும், சிலருக்குக் காதைக் குத்தும். மேப்பிள் முகப்பின் விலையில் மூட்டை மூட்டையாக பாட் வாங்கலாம். இது அந்தக் கவர்ச்சியான படங்களுக்கு நடுவே ஒரு மூலையில் இருக்கிறது. படம் எடுத்துக் காட்ட அதில் ஒன்றுமில்லை பாருங்கள்.

இல்லாத கட்டம்

இப்போது தலைப்புக்கு வருகிறேன். பெட்டி வந்து, நெக்கைப் பாடியில் திருகி, ஈயம் பற்றவைத்து, தந்தி கட்டியாச்சு. கிட்டார் தயாரா? இல்லை. கிட்டார் மாதிரி ஒரு பொருள் தயார்.

நட் என்பது கழுத்தின் உச்சியில் தந்திகள் உட்காரும் சின்ன எலும்புத் துண்டு. அதில் ஒவ்வொரு தந்திக்கும் ஒரு காடி. காடி அரை மி.மீ. உயரமாக இருந்துவிட்டது என்று வைப்போம். முதல் ஃப்ரெட்டில் விரல் வைத்தால் தந்தி கூடுதலாகக் கீழே இறங்கவேண்டும், அதனால் கூடுதலாக இழுபடும், சுருதி ஏறும். திறந்த தந்தி ஆறும் துல்லியமாகச் சுருதி சேர்ந்திருக்கும், ஆனால் ஆரம்பப் பாடத்து எஃப் கார்டு அபஸ்வரமாக ஒலிக்கும். வாசிப்பவர் தன் விரலைச் சந்தேகிப்பார், டியூனரைச் சந்தேகிப்பார், பிக்கப்பை மாற்றுவார். சிக்கல் அரை மி.மீ. எலும்பில்.

அடுத்தது ஃப்ரெட். 648 மி.மீ. நீளக் கழுத்தில் முதல் ஃப்ரெட் நட்டிலிருந்து 36.4 மி.மீ.இல், பன்னிரண்டாவது சரியாக நடுவில் 324 மி.மீ.இல். இந்த இடங்களைக் கணினி இயந்திரம் பிசகாமல் வெட்டிவிடும். வீணை மாதிரி மெழுகை இளக்கி மெட்டை நகர்த்தும் வேலை இங்கே இல்லை. ஆனால் அடித்து இறக்கிய 22 கம்பிகளும் ஒரே மட்டத்தில் நிற்கின்றனவா என்பது வேறு விஷயம். ஒன்று முடி அளவு தூக்கி நின்றாலும் அதற்கு முந்தைய ஃப்ரெட்டில் வாசிக்கும்போது தந்தி அதில் உரசிக் கரகரக்கும். அதற்கு மார்க்கர் பேனாவால் எல்லா ஃப்ரெட்டின் தலையிலும் மை பூசவேண்டும். நேர்ப்பலகையில் ஒட்டிய உப்புத்தாளால் மை எல்லாவற்றிலும் அழியும்வரை தேய்க்கவேண்டும். பிறகு தட்டையான தலைகளைத் திரும்ப உருண்டையாக்கிப் பாலிஷ் போடவேண்டும். பொறுமையான அரைநாள் வேலை.

பிறகு கழுத்தின் கோணம். பாடியில் கழுத்து உட்காரும் குழியின் ஆழமும் பிரிட்ஜின் உயரமும் இரண்டு வெவ்வேறு பட்டறையில் தீர்மானமானவை. ஒத்துப்போகாவிட்டால், கழுத்தின் அடியில் குழியின் உள்முனையில் மெல்லிய தகடு வைப்பார்கள். கால் மி.மீ. தகடு வைத்தால் பிரிட்ஜ் பக்கம் ஏறக்குறைய 1 மி.மீ. மாறும். ஃபெண்டர் சொல்லும் தந்தி உயரம் 17ஆவது ஃப்ரெட்டில் 1.6 மி.மீ. என்னும்போது, 1 மி.மீ. என்பது எவ்வளவு பெரிசு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இவை எல்லாமே சேர்ந்துதான் கிட்டார். பாகம் விற்பவர்களில் சிலர் காடி வெட்டிய நட்டோடு நெக்கை அனுப்புவார்கள்தான். ஆனால் பாகங்கள் சந்திக்கும் இடத்தில் நடக்கும் வேலையை எந்தப் பாகத்தோடும் அனுப்பமுடியாது. அதனால் அதற்குப் பாரத்தில் கட்டம் இல்லை. அதைச் செய்பவர் நம் ஊர் ரிப்பேர்காரராக இருப்பார். முடித்த கிட்டாரைப் படம் பிடித்துப் போடுகிறவர்கள் மரத்தின் பெயர், பிக்கப்பின் பெயர், சாயத்தின் பெயரெல்லாம் வரிசையாக எழுதுவார்கள். நட்டை யார் வெட்டினார் என்று எழுதுவதை அபூர்வமாகத்தான் பார்க்கமுடிகிறது. ஒரு சினிமாவில் எடிட்டர் பெயரையே போடாமல் விட்டமாதிரி.

பார்ட்ஸ்காஸ்டரின் செவ்வியல்

அளவுகோல் தேட வேண்டுமென்றால் இந்த வகையின் செவ்வியல் படைப்புக்குப் போகவேண்டும். எடி வான் ஹேலனின் ‘ஃப்ராங்கன்ஸ்டைன்’. பூகி பாடீஸில் கழித்துக்கட்டிய ஆஷ் மரப் பாடி 50 டாலர், நெக் 80 டாலர். கிப்ஸன் ஈ.எஸ். 335இலிருந்து உருவிய ஹம்பக்கர். 1978 பிப்ரவரியில் வந்த முதல் ஆல்பத்தோடு உலகம் கேட்டது இதைத்தான்.

இதன் ஒவ்வொரு முடிவுக்குப் பின்னாலும் ஒரு குறை இருக்கிறது. ஸ்ட்ராட்டின் ட்ரெமலோ வேண்டும், ஆனால் அதன் சன்னமான பிக்கப் வேண்டாம். கிப்ஸனின் தடித்த ஒலி வேண்டும், ஆனால் அதில் ட்ரெமலோ இல்லை. கடையில் இல்லாததால் செய்தார். சத்தம் கூட்டினால் பிக்கப் கீச்சிட்டது, உருக்கிய மெழுகில் முக்கினார். கிப்ஸன் பிக்கப்பின் காந்தமுனைகள் ஸ்ட்ராட்டின் தந்தி இடைவெளிக்குப் பொருந்தவில்லை, பிக்கப்பைச் சாய்த்து மாட்டினார். மற்ற கட்டுப்பாடுகளை எப்படி இணைப்பது என்று தெரியவில்லை, ஒரே ஒரு வால்யூம் குமிழோடு விட்டுவிட்டார். அதன் தலையில் ‘டோன்’ என்று எழுதியிருக்கும். பின்னாளில் ட்ரெமலோவைத் தாங்க அடியில் 1971ஆம் வருஷத்து கால் டாலர் நாணயம் ஒன்றைத் திருகினார். கறுப்பு வெள்ளைப் பட்டையை ஊரெல்லாம் காப்பியடித்தபோது மேலே சிவப்பைப் பூசினார். அசிங்கமான கிட்டார்தான். ஆனால் ஒவ்வொரு அசிங்கத்துக்கும் காரணம் கேட்டால் பதில் வரும்.

2007இல் ஃபெண்டர் இதன் அச்சுநகலை 300 எண்ணிக்கையில் வெளியிட்டது. ஒவ்வொரு கீறலும் சூட்டுத்தழும்பும் அந்தந்த இடத்தில். நாணயமும் உண்டு. விலை 25,000 டாலர். 130 டாலரில் ஆரம்பித்த கோபம் கண்ணாடிப் பெட்டிக்குள் போன கதை. வாங்கியவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, நினைவுப்பொருள் சேர்ப்பது ஒரு ரசனை. ஆனால் இந்தக் கிட்டாரிலிருந்து கற்க ஏதாவது இருந்தால் அது அந்த நாணயம் இல்லை. ட்ரெமலோ ஆடியது, கையில் கிடைத்ததை வைத்தார் என்பதுதான். நகலில் நாணயம் இருக்கிறது, ஆட்டம் இல்லை.

எரிக் கிளாப்டனின் ‘பிளாக்கி’ இன்னொரு வகை. 1970இல் நாஷ்வில் கடை ஒன்றில் பழைய ஸ்ட்ராடோகாஸ்டர் ஆறு வாங்கினார். மூன்றை ஜார்ஜ் ஹாரிஸன், பீட் டவுன்ஷெண்ட், ஸ்டீவ் வின்வுட் ஆகியோருக்குக் கொடுத்துவிட்டு, மீதி மூன்றில் நல்ல பாகங்களைப் பொறுக்கி ஒன்றாக்கினார். 2004இல் அது கிறிஸ்டீஸ் ஏலத்தில் 9,59,500 டாலருக்குப் போனது. இங்கே தேவைக்கு வெட்டவில்லை, இருப்பதில் தேர்ந்தெடுத்தார். ஆனால் தேர்ந்தெடுத்தது கை. மூன்று கழுத்தைப் பிடித்துப் பார்த்து ஒன்றை வைத்துக்கொள்வதும், திரையில் ‘கிளாப்டன்’ என்ற பெயரைக் குறிப்பதும் ஒரே செயல் இல்லை.

பாகம் வாங்குவதே பாவம் என்று நான் சொல்வதாக யாரும் நினைக்கவேண்டாம். பிரையன் மே 1963இல் பதினாறு வயதில் அப்பாவோடு சேர்ந்து ‘ரெட் ஸ்பெஷல்’ செய்யத் தொடங்கினார். கழுத்து பழைய கணப்படுப்பின் மகோகனிச் சட்டம், ட்ரெமலோவுக்கு மோட்டார்சைக்கிளின் வால்வு ஸ்பிரிங், ஃப்ரெட்போர்டின் புள்ளிகளுக்கு அம்மாவின் முத்துச்சிப்பிப் பொத்தான்கள். பிக்கப்பையும் கையாலேயே சுற்றினார். ஆனால் தந்தியை வளைத்து வாசித்தால் அதில் விநோதமான சத்தம் வந்தது. தூக்கிவிட்டு கடையில் பர்ன்ஸ் பிக்கப் மூன்று வாங்கி மாட்டிக்கொண்டார். குயின் பாடல்களில் நாம் கேட்பது அந்தக் கடைச்சரக்கைத்தான். எது தானே செய்தது, எது வாங்கியது என்பது அளவுகோல் ஆகாது. வாசிப்பில் ஒரு குறை தெரிந்து அதற்காக மாற்றினாரா என்பதுதான் கேள்வி.

நம் பக்கத்திலேயே இதற்கு அருமையான உதாரணம் இருக்கிறது. மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ். வழக்கமான மாண்டலினில் எட்டுத் தந்தி, இரட்டை இரட்டையாக. இரட்டைத் தந்தியை ஒருசேர இழுத்துக் கமகம் கொடுப்பது பெரும்பாடு. அவர் கையில் இருந்தது திடப்பலகை எலக்ட்ரிக் மாண்டலின், ஒற்றைத் தந்திகள் ஐந்து. கமகத்துக்கு ஒற்றைத் தந்தி, கீழ் ஸ்தாயிக்கு ஐந்தாவது தந்தி. ‘சக்தி’ குழுவில் ஜான் மெக்லாக்லினுக்காக ஏப்ரஹாம் வெக்டர் செய்த கிட்டாரில் ஃப்ரெட்டுகளுக்கு நடுவே மரத்தைக் குழித்திருந்ததும் இதே தேவைக்கு: விரல் மரத்தில் உரசாமல் தந்தியை இழுத்து ஸ்வரத்தை வளைக்க. இங்கே கஸ்டம் என்ற சொல்லுக்கு முழு அர்த்தம் இருக்கிறது. ராகம் கேட்டது, வாத்தியம் மாறியது.

மரம் எங்கிருந்து வருகிறது

பாரத்தில் ‘ரோஸ்வுட் ஃப்ரெட்போர்ட்’ என்று ஒரு கட்டம் உண்டு. பிரேசில் ரோஸ்வுட் 1992இல் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலுக்குப் போனதிலிருந்து அதன் வியாபாரத்துக்கு ஏறக்குறையத் தடை. இன்று ரோஸ்வுட் என்று குறித்தால் பெரும்பாலும் வருவது இந்திய ரோஸ்வுட், அதாவது நீலகிரி, வயநாடு பக்கம் வளரும் நம் ஈட்டி, தோதகத்தி. தமிழ்நாட்டில் அதைப் பாதுகாக்க 1994இல் தனிச் சட்டமே போட்டார்கள். 2017 ஜனவரியில் டால்பெர்ஜியா இனம் முழுக்க சைட்டீஸின் இரண்டாம் பட்டியலுக்குள் வந்ததும் எல்லை தாண்டும் கிட்டாருக்கெல்லாம் காகிதம் தேவைப்பட்டது. ஃபெண்டர் தன் மெக்ஸிகோ கிட்டார்களைப் பாவ் ஃபெர்ரோ மரத்துக்கு மாற்றியது. 2019 நவம்பர் கடைசியில் முடித்த வாத்தியங்களுக்கும் முடித்த வாத்திய பாகங்களுக்கும் விலக்கு கிடைத்தது. ரோஸ்வுட் போய்ப் பாவ் ஃபெர்ரோ வந்த அந்த இரண்டு மூன்று வருஷத்தில் உலகத்தில் கிட்டார் இசை கெட்டுப்போனதாக யாரும் எழுதவில்லை. மரத்தின் பெயருக்கு நாம் கொடுக்கும் எடையை இதை வைத்தும் நிறுத்துப் பார்க்கலாம்.

எப்படி மதிப்பிடுவது

இனி யாராவது தன் பார்ட்ஸ்காஸ்டரைக் காட்டினால் நான் முதலில் கேட்க நினைப்பது, முன்பு வைத்திருந்த கிட்டாரில் என்ன முடியவில்லை என்பது. பதில் வந்தால், எவ்வளவு அற்பமான பதிலாக இருந்தாலும் (எடை தாங்கலை, தோள் வலிக்குது), அந்தக் கிட்டாரை அந்தப் பதிலோடு வைத்துப் பேசமுடியும். நாலரைக் கிலோவை மூன்றாகக் குறைத்தீர்களா, குறைத்ததால் கழுத்து பாரமாகித் தலைகுப்புறச் சாய்கிறதா, அதற்கு என்ன செய்தீர்கள் என்று விமரிசனம் உள்ளே போகலாம். பதில் இல்லாவிட்டால் அது நிறத்தைப் பற்றிய பேச்சு. நிறம் பிடித்து வாங்குவதில் தப்பே இல்லை, புடவை அப்படித்தான் எடுக்கிறோம். கஸ்டம் என்ற கனமான சொல்லை மட்டும் அதன்மேல் ஏற்றவேண்டாம்.

ஆர்டர் போடும் யோசனையில் இருப்பவர்களுக்கு என் சிபாரிசு. முதலில் நாலைந்து நண்பர்களின் கிட்டாரை வாங்கி வாசியுங்கள். பிடித்த கழுத்தின் பருமனை முதல் ஃப்ரெட்டிலும் பன்னிரண்டாவது ஃப்ரெட்டிலும் வெர்னியர் காலிப்பரால் அளந்து எழுதிவையுங்கள். பாரத்தில் பெயரைப் பார்க்காமல் அந்த எண்ணைத் தேடுங்கள். பாடி சாதா ஆல்டர் போதும். பாகங்களை ஒரே இடத்தில் வாங்காவிட்டால் கழுத்தின் அடி அகலம் (ஃபெண்டர் வழக்கில் 2 3/16 அங்குலம், சுமார் 56 மி.மீ.), குழியின் ஆழம், பிரிட்ஜின் ஸ்க்ரூ இடைவெளி மூன்றையும் எழுதி ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். மேப்பிள் முகப்புக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பங்கை, ஃப்ரெட் தேய்த்து நட் வெட்டத் தெரிந்த ஒருவருக்கென்று தனியே எடுத்துவையுங்கள். அவர் வேலை செய்யும்போது பக்கத்தில் உட்கார விட்டால் உட்கார்ந்து பாருங்கள். அடுத்த தடவை கிட்டாரின் படத்தைப் போடும்போது, மரத்தின் பெயருக்கு முன்னால் அவர் பெயரை எழுதுங்கள்.